தால் மக்கனி எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லியில் ஒன்பது ஆண்டுகள் குடியிருந்துவிட்டு மதுரைக்குத் திரும்பிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே நாலைந்து பேருக்கு வட இந்தியச் சமையல் சொல்லித் தருகிறேன். சோலே, பட்டாணி பனீர் எல்லாம் அமைதியாக முடிந்துவிடும். தால் மக்கனி நாளில் மட்டும் சமையலைவிடப் பேச்சு அதிகம். ஒரே சந்தேகங்களை வேறு வேறு வாய்களில் கேட்டு அலுத்துப்போய், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை எழுதிப் பதிலும் சேர்த்துவிட்டேன். மேலிருந்து கீழாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதன் மேல் நிற்கின்றன.

தால் மக்கனி என்றால் என்ன? பருப்புக் குழம்பில் வெண்ணெய் போட்டால் அதுதானே?

இல்லை. 'மக்கன்' என்றால் இந்தியிலும் பஞ்சாபியிலும் வெண்ணெய். 'மக்கனி' என்றால் வெண்ணெய் சேர்ந்தது. ஆனால் எந்தப் பருப்பில் வெண்ணெய் போட்டாலும் அது தால் மக்கனி ஆகிவிடாது. தோல் நீக்காத முழுக் கறுப்பு உளுந்துதான் இதன் உயிர். அதோடு ஒரு கைப்பிடி ராஜ்மா (சிவப்பு அவரை), தக்காளி விழுது, இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், வெண்ணெய், கடைசியில் கிரீம். பெரும்பாலான உணவகங்களின் அடிப்படை இதுதான்.

பொருள்களைவிட நேரம் முக்கியம். சிறு தணலில் பல மணி நேரம் கிடந்து, உளுந்து உடைந்து, கரண்டியில் எடுத்தால் தாரையாக விழாமல் மெல்லச் சரிய வேண்டும். அரை மணி நேரத்தில் செய்துவிட்டு வெண்ணெயை மேலே மிதக்கவிட்டால், அதன் பெயர் வெண்ணெய் மிதக்கும் உளுந்து.

உளுந்தா? உளுந்தில் குழம்பு வைத்தால் கொழகொழவென்று ஆகிவிடாதா?

ஆகும். அதற்காகத்தான் உளுந்து. நம் ஊரில் உளுந்து என்றதும் கிரைண்டர்தான் நினைவுக்கு வருகிறது. அரைக்கும்போது மாவு பொங்கி, இட்லியைத் தாங்கிப் பிடிக்கிறதே ஒரு பசை, அதே பசைதான் பஞ்சாபில் கொதிக்கும் பானைக்குள் வேலை செய்கிறது. நீண்ட நேரம் வேகும்போது அது மெதுவாக நீரில் இறங்கி, குழம்புக்குக் கிரீம் ஊற்றியது போன்ற வழவழப்பைத் தருகிறது. கிரீம் ஊற்றுவதற்கு முன்பே!

உளுந்தைக் குழைய வேகவைத்து உண்பது நமக்கும் புதிதல்ல. அகநானூற்றின் 86ஆம் பாடலில் திருமண விருந்தே உளுந்து சேர்த்துக் குழைந்த களியோடுதான் தொடங்குகிறது. உளுந்தங்களி இன்றும் பெண் குழந்தைகளுக்குக் கிண்டித் தரப்படுகிறது. நாம் அதை வெல்லத்தின் பக்கம் கொண்டுபோனோம். பஞ்சாபியர் உப்பின் பக்கம் கொண்டுபோனார்கள்.

'மா கி தால்' என்றால் 'அம்மா கைப் பருப்பு' என்று ஒரு தில்லி நண்பர் சொன்னார். எவ்வளவு அழகான பெயர்!

அழகுதான், ஆனால் பொருள் வேறு. இந்த 'மா' தாய் அல்ல. பஞ்சாபியில் உளுந்துக்கு 'மாஹ்' என்று பெயர். சமஸ்கிருதத்தின் 'மாஷ'தான் தேய்ந்து 'மாஹ்' ஆனது. 'மா கி தால்' என்றால் 'உளுந்துப் பருப்பு', அவ்வளவே. உச்சரிப்பில் இரண்டும் அருகருகே நிற்பதால், இந்தி பேசுபவர்களே இதை அம்மாவின் பருப்பு என்று நம்புவதுண்டு. உணவகங்களும் அந்த நம்பிக்கையைக் கலைக்க அவசரப்படுவதில்லை.

இந்த மாஷம் மிகப் பழைய சொல். சிவன் கோவில் அபிஷேகத்தில் ஓதப்படும் சமகத்தில், நெல், யவம், எள், பயறு ஆகியவற்றோடு மாஷமும் வேண்டும் என்று கேட்கும் வரி வருகிறது. வடக்கே பொற்கொல்லர்கள் பயன்படுத்திய 'மாஷா' என்ற எடைக்கும் இந்த உளுந்துதான் பெயர் கொடுத்தது. பன்னிரண்டு மாஷா ஒரு தோலா.

அப்படியானால் தால் மக்கனியும் மிகப் பழைய உணவுதானே? முகலாயர் காலத்தது என்று மெனு கார்டிலேயே போட்டிருக்கிறார்கள்.

மெனு கார்டில் 'முகலாய்' என்ற சொல் பெரும்பாலும் விலையை உயர்த்தப் பயன்படுவது. தால் மக்கனிக்கும் முகலாயருக்கும் தொடர்பு காட்ட ஆதாரம் இல்லை. பானைக்குள் இருப்பதைப் பாருங்கள். தக்காளி, மிளகாய், ராஜ்மா மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. அக்பர் காலத்து அய்ன்-இ-அக்பரியின் விலைப்பட்டியலில் மாஷம் இருக்கிறது, தக்காளி இல்லை. தக்காளி போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்குள் வந்துவிட்டாலும், வட இந்தியக் குழம்புகளின் அடித்தளமாக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டிலும்தான்.

இதில் இரண்டு வயதுகள் இருக்கின்றன என்று நான் சொல்வது வழக்கம். முழு உளுந்தை இரவெல்லாம் தணலில் வேகவைக்கும் பஞ்சாபிப் பானை மிகப் பழையது. அதில் தக்காளி விழுது, வெண்ணெய், கிரீம் சேர்த்து 'மக்கனி' ஆக்கியது உணவகம். அதற்கு நூறு வயதுகூட ஆகவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் 'யார் கண்டுபிடித்தது' என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் எல்லோரும் சண்டை போடுகிறோம்.

அந்தப் பழைய பானை எப்படி இருந்திருக்கும்?

பஞ்சாபிக் கிராம வீடுகளில் சாண வறட்டி போட்டு எரிக்கும் 'ஹாரா' என்ற மண் அடுப்பு உண்டு. தீ எரியாது, கனிந்துகொண்டே இருக்கும். பால் காய்ச்சவும் பருப்பு வேகவைக்கவும் அதுதான். மாலையில் உளுந்தும் உப்பும் நீரும் போட்டு வைத்துவிட்டு வயலுக்கோ படுக்கைக்கோ போய்விடலாம். ஊர்ப் பொதுத் தந்தூரில் ரொட்டி சுட்டு முடித்த பின் மிஞ்சும் தணலையும் வீணாக்க மாட்டார்கள். பருப்புப் பானையை அதன் மேல் ஏற்றிவிடுவார்கள்.

பிறகு மத்தால் ஒரு கடை கடைந்து, இஞ்சி, பூண்டு, நெய்யில் ஒரு தாளிப்பு. எருமை வைத்திருந்த வீடு என்றால், காலையில் கடைந்து எடுத்த வெள்ளை வெண்ணெய் ஒரு உருண்டை. வெண்ணெய் அப்போதே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியில் தேவைப்படும்.

சரி, உணவகத் தால் மக்கனியைக் கண்டுபிடித்தது யார்? சுற்றி வளைக்காமல் ஒரு பெயர் சொல்லுங்கள்.

ஒரு பெயர் கேட்டால் மூன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று பாகிஸ்தானில் இருக்கும் பெஷாவரில் மோக்கா சிங் லாம்பா என்பவர் நடத்திய 'மோதி மஹால்' உணவகத்தில் வேலை பார்த்தவர் குந்தன் லால் குஜ்ரால். 1947இல் நாடு பிரிந்தபோது தில்லிக்கு வந்து, குந்தன் லால் ஜக்கி, தாக்கூர் தாஸ் மாகோ ஆகியோருடன் சேர்ந்து தர்யாகஞ்சில் அதே பெயரில் ஒரு கடை திறந்தார். தந்தூரி சிக்கனைத் தில்லிக்குப் பழக்கிய கடை அது. பட்டர் சிக்கனும் தால் மக்கனியும் அங்கிருந்து பரவியவை என்பதில் பெரிய தகராறு இல்லை.

பட்டர் சிக்கன் பற்றி எல்லோரும் சொல்லும் கதை இது: சுட்ட கோழி காய்ந்துபோகாமல் இருக்க, தக்காளி, வெண்ணெய், கிரீம் சேர்ந்த குழம்பில் போட்டார்கள். அந்தக் குழம்பு கைவந்த பிறகு, கோழி சாப்பிடாதவர்களுக்கு அதையே உளுந்தோடு சேர்த்ததுதான் தால் மக்கனி. இரண்டையும் அடுத்தடுத்து ருசித்துப் பார்த்தால் உறவுமுறை நாக்குக்கே தெரிகிறது. தக்காளியின் புளிப்பு, வெண்ணெயின் கொழுப்பு, மேலே நசுக்கித் தூவிய கசூரி மேத்தி, மூன்றும் அப்படியே. (கசூரி மேத்தி என்பது காய்ந்த வெந்தயக்கீரை; 'கசூரி' என்பது லாகூருக்குப் பக்கத்திலிருக்கும் கசூர் நகரத்தின் பெயரால் வந்தது.)

கோர்ட்டில் வழக்கு நடப்பதாகப் படித்தேன். பருப்புக்கா வழக்கு?

பருப்புக்கும் கோழிக்கும் சேர்த்து. 2019இல் 'தர்யாகஞ்ச்' என்ற பெயரிலேயே ஓர் உணவகம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் ஒருவர், மேலே சொன்ன குந்தன் லால் ஜக்கியின் பேரன். பட்டர் சிக்கனையும் தால் மக்கனியையும் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் என்று விளம்பர வாசகமாகவே போட்டுக்கொண்டார்கள். குஜ்ரால் குடும்பம் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஜனவரியில் செய்தியாகி உலகமெங்கும் பேசப்பட்ட அந்த மனு 2,752 பக்கம். கேட்கப்பட்ட இழப்பீடு ஏறத்தாழ 2 கோடி ரூபாய்.

குஜ்ரால் தரப்பு, பட்டர் சிக்கன் பெஷாவரிலேயே, 1930களிலேயே பிறந்துவிட்டது என்கிறது. ஜக்கி தரப்பு, இரண்டு பேரும் கூட்டாளிகள், 1947க்குப் பிறகு தில்லிக் கடையில்தான் அது பிறந்தது என்கிறது. ஒரே கடையின் இரண்டு கூட்டாளிகள் வீட்டுப் பிள்ளைகள், ஒரே பானைக்கு உரிமை கேட்கிறார்கள். நம் ஊரில் அண்ணன் தம்பி பிரிந்து எதிரெதிரே 'ஒரிஜினல்' பலகை மாட்டிய அல்வாக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்காமல் போகாது.

வழக்கில் ஜெயித்தால் மற்ற ஹோட்டல்கள் தால் மக்கனி செய்யக் கூடாதா?

செய்யலாம், விற்கலாம், யாரும் தடுக்க முடியாது. சண்டை சமைக்கும் உரிமைக்கு அல்ல; 'கண்டுபிடித்தது நாங்கள்' என்று பலகையில் எழுதும் உரிமைக்கு. சமையல் முறைக்குக் காப்புரிமை வாங்குவது இந்தியாவில் ஏறக்குறைய நடக்காத காரியம். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, பொருள்களை வெறுமனே கலப்பதையும் மரபறிவாக இருந்ததையும் 'கண்டுபிடிப்பு' என்று ஏற்பதில்லை. பதிப்புரிமை, எழுதிய வாசகத்துக்குத்தான். பானைக்குள் இருப்பதற்கு அல்ல.

பிரிவினை நடந்திருக்காவிட்டால் தால் மக்கனியே வந்திருக்காதோ?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு கல்லூரி மாணவி. எனக்குப் பிடித்த கேள்வி இது. பெஷாவரிலேயே ஏதோ ஒரு வடிவத்தில் வந்திருக்கலாம். ஆனால் நாடு முழுவதும், பிறகு லண்டன், டொரான்டோ வரை போன உணவாக அது மாறியதற்குப் பிரிவினைத் தில்லிதான் காரணம்.

1941இல் சுமார் 9 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் 17 லட்சத்தைத் தாண்டியது. மேற்குப் பஞ்சாபிலிருந்தும் பெஷாவர் இருந்த வடமேற்கு எல்லை மாகாணத்திலிருந்தும் வந்த அகதிகள் லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர், பட்டேல் நகர் என்று புதிய குடியிருப்புகளில் குடியேறினார்கள். வீடு வாசல், நிலம், கடை எல்லாம் போய், கையில் மிஞ்சியது தொழில் ஒன்றுதான். பலருக்கு அந்தத் தொழில் சமையல். தந்தூர் தில்லிக்குத் தெரியாததல்ல. பழைய தில்லியின் ரொட்டிக்காரர்கள் அதில் 'நான்' என்னும் ரொட்டியைச் சுட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அதை உணவகத்தின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பஞ்சாபியர்.

அடுத்து நடந்ததைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அந்த நகரத்தில் தொடங்கிய மெனு கார்டு, நெடுஞ்சாலைத் தாபாக்கள் வழியாகவும் நட்சத்திர ஹோட்டல்கள் வழியாகவும் 'வட இந்திய உணவு' என்ற பெயரில் எங்கும் போனது. இன்று மாட்டுத்தாவணிப் பக்கத்து ஹோட்டலில் தால் மக்கனி கிடைக்கிறது என்றால், அது அந்த அகதிகளின் கடைப் பட்டியல்தான். உத்தரப் பிரதேசத்தின் அவத் (லக்னோ) பகுதிச் சமையலும் பீகாரின் சமையலும் 'வட இந்திய உணவு' என்ற அந்தப் பெயருக்குள் வராமலே போயின என்பது எனக்கு ஆறாத குறை.

தால் புகாரா என்பது உஸ்பெகிஸ்தான் பருப்பா?

இல்லை. தில்லி ஐடிசி மௌர்யா ஹோட்டலில் 1970களின் இறுதியில் தொடங்கிய 'புகாரா' உணவகத்தின் பருப்பு. அதில் ராஜ்மா கிடையாது, உளுந்து மட்டும். தந்தூர்த் தணலில் இரவு முழுக்கக் கிடக்கும். என் வாக்கு இதற்குத்தான்.

குருத்வாராவில் சாப்பிட்ட பருப்பும் இதே மாதிரி இருந்தது. அதுவும் தால் மக்கனியா?

அது லங்கர் தால். உளுந்தோடு பெரும்பாலும் கடலைப்பருப்பு சேரும்; கிரீம் இருக்காது, தக்காளி குறைவு அல்லது இல்லை. சாதி, மதம் பாராமல் எல்லோரும் தரையில் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் சீக்கியர்களின் அன்னதானம் லங்கர். குரு நானக் காலத்தில் தொடங்கி, மூன்றாம் குருவான அமர் தாஸ் காலத்தில் உறுதியான மரபானது. நான்காவது பதிலில் சொன்ன 'பழைய பானை'யின் ருசி எப்படி இருக்கும் என்று அறிய விரும்புபவர்கள், உணவகத்துக்குப் போகாமல் அருகிலுள்ள குருத்வாராவுக்குப் போவது மேல்.

ராஜ்மா கட்டாயமா?

கட்டாயமில்லை. கடிபட ஏதாவது இருக்கட்டும் என்று போடுகிறார்கள். பெயரில் ஒரு வேடிக்கை உண்டு: 'ராஜமாஷம்' என்று முன்பு அழைக்கப்பட்டது காராமணி. அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்பு அவரை அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டு 'ராஜ்மா' ஆகிவிட்டது.

போடுவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கடுமையாகக் கலக்கும். வாந்தி, பேதி வரும். அதிலுள்ள ஒரு புரதம் நன்றாகக் கொதித்தால்தான் செயலிழக்கும். 'மெல்லிய தீயில் பல மணி நேரம்' என்பதை நம்பி, ஊறிய ராஜ்மாவை நேரடியாக மின்சார மெதுவேக்குப் பாத்திரத்தில் போட்டுவிடாதீர்கள். அந்தச் சூடு போதாது. இரவு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகு தணலுக்கு மாற்றுங்கள். குக்கரில் வேகவைத்தால் இந்தப் பயமே இல்லை.

தக்காளியை முதலிலேயே போட்டுவிட்டேன். மூன்று மணி நேரமாகியும் உளுந்து வேகவில்லை. உளுந்து பழசா?

பழசாகவும் இருக்கலாம், ஆனால் முதல் சந்தேகம் தக்காளி மேல். புளிப்பு இருக்கும் நீரில் பருப்பின் தோலும் சதையும் இளகாது. புளிக்கரைசலில் துவரம்பருப்பை வேகவைக்க நாம் முயல்வதில்லையே, அதே காரணம்தான். பருப்பு விரலால் நசுக்கினால் குழையும் நிலை வந்த பிறகே தக்காளி சேர வேண்டும். கடின நீர் வரும் ஊர்களில் குழாய் நீரே வில்லன்; குடிநீரில் வேகவையுங்கள்.

குக்கரில் செய்தால் பாவமா? எட்டு மணி நேரம் கேஸ் எரிக்க யாரிடம் பணம் இருக்கிறது?

பாவமில்லை. கிராமத்தில் தணல் இலவசம், அதனால் இரவெல்லாம் வைத்தார்கள். எட்டு மணி நேரம் ஊறிய உளுந்தைக் குக்கரில் குழைய வேகவைத்து, கரண்டியின் பின்புறத்தால் பாதியை நசுக்கி, தக்காளி விழுது வதக்கியதைச் சேர்த்து, அடி கனமான பாத்திரத்தில் ஒன்றரை மணி நேரம் சிறு தீயில் வைத்தால் தொண்ணூறு பங்கு வந்துவிடும். கிளறாமல் விட்டால் அடிப்பிடிக்கும். அந்தத் தீய்ந்த வாசனையை எந்த வெண்ணெயும் மறைக்காது. மிச்சத்தை மறுநாள் சூடாக்கிச் சாப்பிடுங்கள், இன்னும் இறுகி வழவழப்பாகியிருக்கும்.

புகை வாசனை வேண்டுமென்றால், கனிந்த கரித்துண்டு ஒன்றைக் கிண்ணத்தில் வைத்துப் பருப்பின் நடுவே இறக்கி, அதன்மேல் ஒரு சொட்டு நெய் விட்டு மூடுங்கள். இரண்டு நிமிடம் போதும். ஐந்து நிமிடம் விட்டால் ரயில் எஞ்சின் வாசனை.

நான் இருப்பது அமெரிக்கா. இங்கே கடையில் 'பிளாக் லென்டில்' என்று கிடைக்கிறது. அதில் செய்யலாமா?

பொட்டலத்தை உற்றுப் பாருங்கள். அமெரிக்கக் கடைகளில் அந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் பெலுகா எனப்படும் சின்ன வட்டப் பருப்பு. அது நம் மைசூர்ப் பருப்பின் உறவு, உளுந்து அல்ல. முதலில் சொன்ன பசை அதில் கிடையாது. இந்தியக் கடையில் 'ஹோல் உரத்' என்று கேட்டு வாங்குங்கள். நடுவில் சின்ன வெள்ளைக் கோடு இருந்தால் சரியான ஆள்.

பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாவின் பாட்டி, லாகூரில் 1930களிலேயே உளுந்தில் வெண்ணெய் போட்டுத்தான் செய்வாராம். அப்படியானால் மோதி மஹால் கதையே பொய்தானே?

பாட்டி சொன்னதும் உண்மையாக இருக்கலாம், மோதி மஹால் கதையும் பொய்யாக வேண்டியதில்லை. ஐந்தாவது பதிலில் வந்த வெள்ளை வெண்ணெய் உருண்டை அந்தப் பாட்டியுடையது. சமைத்து முடித்த பருப்பின் மேல் வைத்தது அது. பட்டர் சிக்கனுக்குச் செய்த தக்காளிக் குழம்போடு பருப்பைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, கிரீம் ஊற்றி, ஒரு பெயர் கொடுத்து, விலை போட்டு, ஒவ்வொரு நாளும் ஒரே ருசியில் நூறு பேருக்குப் பரிமாறியது உணவகம்.

இரண்டு குடும்பங்களில் யார் சொல்வதை நம்புகிறேன் என்று அந்த அம்மா என்னிடமே கேட்டார். அந்தக் குழம்பை முதலில் கரண்டி பிடித்துக் கிளறியது குஜ்ராலா ஜக்கியா என்பதில் எனக்கு அக்கறை இல்லை; முதலாளிகள் இருவரையும் தவிர அந்த அடுப்படியில் சம்பளத்துக்கு நின்ற சமையல்காரர்களும் இருந்திருப்பார்கள், அவர்கள் சார்பில் யாரும் மனுப் போடவில்லை. அந்த அம்மா சிரித்துவிட்டு, 'எங்கள் பாட்டி கிரீம் ஊற்ற மாட்டார்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.